எழுத்துக்கூட்டி வாசிக்காதீர்கள்: பிரெஞ்சு வினைகளை அசை பிரித்துச் சொல்லும் வழி

பிரெஞ்சு வகுப்பில் நான் முதன்முதலாக உரக்க வாசித்தது ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்ற எளிய வாக்கியம். பலகையில் இரண்டே சொற்கள் இருந்தன. ஐ-எல்-எஸ் என்று எழுவாய். பி-ஏ-ஆர்-எல்-ஈ-என்-டி என்று வினை. ஓர் எழுத்தையும் வீணாக்காமல் ‘இல்ஸ் பார்லெந்த்’ என்று வாசித்தேன். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்குப் போய் எழுவாயின் எஸ்ஸையும் வினையின் கடைசி மூன்று எழுத்துகளையும் விரலால் அழித்துவிட்டு, “இப்போது வாசியுங்கள்” என்றார். ‘இல் பார்ல்.’ அவ்வளவுதான். இரண்டே அசை.

தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், சொல் வாய்க்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வினையிலும் கால் இடறும். ஆனால் அதே தமிழ் நமக்கு ஒரு கைவிளக்கையும் தந்திருக்கிறது. புணர்ச்சியும் குற்றியலுகரமும் படித்தவருக்குப் பிரெஞ்சு அசையின் பாதிக் கணக்கு முன்பே தெரியும். எங்கே என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்து ஏற்பாடு. பிரெஞ்சு எழுத்துகளை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களாலேயே குறிக்கிறேன். ஒலியைக் காட்டும்போது (ன்) என்று அடைப்புக்குள் இட்டால் அது மூக்கால் வரும் உயிர். நாக்கு நுனி எங்கும் தொடக் கூடாது. ஃஸ என்பது தேனீ ரீங்காரம்போலக் குரல் அதிர வரும் ஸ. ழ என்று எழுதுவது, புதுச்சேரிக்காரர்கள் ‘ழான்’ என்று பெயர் எழுதுவார்களே, அந்த வழக்கம். உண்மையில் அது நம் ழ அல்ல, குரல் அதிரும் ஷ. யு என்பது நாக்கை இ-க்கு வைத்துக்கொண்டு உதட்டை உ-வுக்குக் குவிக்கும் ஒலி. ஏ என்றால் வாய் இறுகியும் எ என்றால் சற்றே திறந்தும் இருக்க வேண்டும்; இங்கே வேறுபாடு நீளத்தில் அல்ல. பிரெஞ்சு டி என்ற எழுத்துக்கு நம் ‘த’ பொருத்தமானது. ஆங்கிலவழியில் படித்தவர்கள் ‘ட’ போட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் இதில் முன்னால் நிற்கிறார்.

அசை என்றால் இங்கே யாப்பின் அசை அல்ல. யாப்பில் நிரையசை இரண்டு உயிரை ஒன்றாகக் கட்டும். இங்கே எத்தனை உயிரொலி காதில் விழுகிறதோ அத்தனை அசை.

படி 1: விகுதியை விரலால் மூடுங்கள்

‘பேசு’ என்று பொருள்படும் பார்லே என்ற வினையின் நிகழ்காலத்தை எழுதிப் பாருங்கள். ‘நான்’, ‘அவன்’ இரண்டுக்கும் முடிவு ஈ. ‘நீ’ என்றால் ஈ-எஸ். ‘அவர்கள்’ என்றால் ஈ-என்-டி. ‘நாங்கள்’ என்றால் ஓ-என்-எஸ். ‘நீங்கள்’ என்றால் ஈ-இசட். தாளில் ஐந்து முடிவுகள். காதில் மூன்றுதான்: ழெ பார்ல், த்யு பார்ல், இல் பார்ல், பன்மையிலும் இல் பார்ல், பிறகு நூ பார்-லோ(ன்), வூ பார்-லே.

பிரெஞ்சில் எழுவாயை ஏன் விடவே முடியாது என்பது இங்கேதான் புரியும். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றால் ஆள் தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சு விகுதி ஆளைக் கண்ணுக்குத்தான் காட்டுகிறது; காதுக்குக் காட்டும் வேலை எழுவாயுடையது. ‘பார்ல்’ என்று மட்டும் சொன்னால், எதிரில் நிற்பவருக்கு அது ‘பேசு’ என்று ஏவுவதாகத்தான் கேட்கும்.

ஆகவே, வினையைக் கண்டதும் முடிவில் ஈ, ஈ-எஸ், ஈ-என்-டி இருந்தால் விரலால் மூடிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். மூடிய பின் கடைசியில் நிற்கும் மெய் கட்டாயம் ஒலிக்க வேண்டும். அந்த ஊமை ஈ சும்மா நிற்கவில்லை. தனக்கு முன்னால் உள்ள மெய்யைப் பேசவைப்பதே அதன் வேலை. கடந்தகாலத்தின் ஒரு வடிவில் ஏ-ஐ-ஈ-என்-டி என்று ஐந்து எழுத்துகள் சேர்ந்தாற்போல வரும். பயப்பட வேண்டாம், ஒலி ஒன்றுதான்: எ. ‘அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்றால் இல் பார்-லெ. ஒருமையிலும் அதே ஒலி.

ஒரு பொறி உண்டு. ஈ-என்-டி ஊமையாவது படர்க்கைப் பன்மை வினையில் மட்டும். பெயரிலும் பெயரடையிலும் வினையடையிலும் அது ஆ(ன்) என்று முழங்கும்: பணம் அர்-ழா(ன்), அடிக்கடி என்பது ஸூ-வா(ன்). பிரெஞ்சுப் பள்ளிகளில் இதற்கென்றே ஒரு வாக்கியம் புழங்குகிறது: கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. ‘மடம்’ என்ற பெயரும் ‘அடைகாக்கின்றன’ என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, அடுத்தடுத்தும் நிற்கின்றன. வாசிக்கும்போது முதலாவது கூ-வா(ன்), இரண்டாவது வெறும் கூவ். ‘லெ பூல் த்யு கூவா(ன்) கூவ்.’ அதே எழுத்துகள் ஓரிடத்தில் இரண்டு அசை, அடுத்த இடத்தில் ஒன்று. எது வினை என்று கண்டுபிடிக்காமல் பிரெஞ்சை உரக்க வாசிக்கவே முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு விலக்கு, ‘வா’ என்ற பொருளுள்ள வெனீர் குடும்பமும் ‘பிடி’ என்ற தெனீர் குடும்பமும். ‘அவன் வருகிறான்’ என்பதும் ஈ-என்-டி என்றே முடியும், ஆனால் அது ஒருமை: இல் வ்யெ(ன்). விகுதி டி மட்டுமே; ஈ-என் பகுதியைச் சேர்ந்தது. பன்மை இல் வ்யென். இங்கே ன் அடைப்பில் இல்லை, நாக்கு பல்லண்ணத்தைத் தொட வேண்டும்.

படி 2: பன்மையிலிருந்து ஒருமைக்கு வாருங்கள்

பாடநூல்கள் ஒருமையிலிருந்து தொடங்கும். நான் தலைகீழாகச் சொல்லித்தருவது வழக்கம். பார்லே போன்ற ஈ-ஆர் வினைகளில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒலி ஒன்றே என்பதால் சிக்கல் இல்லை. மற்றவற்றில் பெரும்பாலும் பன்மையின் கடைசி மெய்யை உதிர்த்தால் ஒருமை வந்துவிடும்.

‘முடிக்கிறார்கள்’ ஃபி-னிஸ், ‘முடிக்கிறான்’ ஃபி-னி. ‘புறப்படுகிறார்கள்’ பார்த், ‘புறப்படுகிறான்’ பார். ‘தூங்குகிறார்கள்’ தோர்ம், ‘தூங்குகிறான்’ தோர். ‘சொல்கிறார்கள்’ தீஃஸ், ‘சொல்கிறான்’ தீ. ‘விற்கிறார்கள்’ வா(ன்)த், அதில் ‘பந்து’ என்னும் சொல்லின் மெல்லிய த; ‘விற்கிறான்’ வா(ன்). ஒருமையில் எழுத்தில் எஸ், டி போன்று ஏதாவது மெய் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

‘எடுத்துக்கொள்’ என்ற வினையில் மெய் உதிரும்போது உயிரும் நிறம் மாறுகிறது. பன்மை ப்ரென், ஒருமை ப்ரா(ன்). பன்மையில் ன் மெய்யாக நின்றதால் உயிர் தெளிவாக இருந்தது. ஒருமையில் அந்த மெய் மூக்கொலியாகக் கரைந்துவிட்டது. வ்யென், வ்யெ(ன்) என்பதிலும் இதே கதைதான்.

படி 3: நடுவில் வெட்டும் விதி

இரண்டு உயிருக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும்: ஃபி-னீர். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: பார்-லே. ஆனால் இரண்டாவது மெய் ல அல்லது ர ஆகவும், முன்னது ப, த, க, ஃப, வ போன்றதாகவும் இருந்தால் இரண்டும் பிரியாமல் அடுத்த அசைக்கே போகும்: ‘காட்டு’ என்பது மோ(ன்)-த்ரே, மோ(ன்)த்-ரே அல்ல. சி-எச், ஜி-என் இவை தாளில் இரண்டு எழுத்து, வாயில் ஓர் ஒலி. வெட்டக் கூடாது: ‘தேடு’ ஷெர்-ஷே, ‘வெல்’ க-ஞே.

இரட்டித்த மெய்யில்தான் தமிழர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குப் பனி வேறு, பன்னி வேறு. அதனால் ‘கொடு’ என்ற வினையில் இரண்டு என்-களைக் கண்டதும் ‘தொன்னே’ என்று அழுத்திவிடுகிறோம். சரியான ஒலி தொ-னே. வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அச்சில் இரண்டு என்-களுக்கும் நடுவே கோடு போடுவார்கள். அது அச்சுக்கோப்பவரின் கணக்கு, பேசுபவரின் கணக்கு அல்ல. அதே அச்சுக் கணக்கில் ‘பேசுகிறார்கள்’ என்பதைக்கூட இரண்டாக உடைக்கலாம். வாயில் அது ஓரசைதான். எழுத்தசை, ஒலியசை என்று இரண்டு கணக்குகள் இருப்பதை ஆரம்பத்திலேயே மனதில் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம் இரட்டிப்புக்கு மரியாதை கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. ‘ஓடு’ என்ற கூரீர் வினையில் ‘ஓடிக்கொண்டிருந்தான்’ கூ-ரெ. ‘ஓடுவான், நிலைமை அப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை வடிவத்தில் ஆர் இரட்டிக்கும், நாமும் நீட்டி உரச வேண்டும்: கூர்-ரெ. ‘இற’ என்ற மூரீர் வினையும் அப்படியே.

எழுத்தில் தெரியும் சில உயிர்கள் அசையே அல்ல. ‘சாப்பிடுகிறோம்’ என்பதில் ஜி-க்கும் ஓ-வுக்கும் நடுவே ஓர் ஈ நிற்கிறது. அதை உச்சரித்து மூன்று அசையாக்காதீர்கள். ஜி-யை ‘க’ என்று வாசிக்காமல் ‘ழ’ என்று வாசிக்கச் சொல்லும் அடையாளம் மட்டுமே அது: மா(ன்)-ழோ(ன்). ‘தொடங்குகிறோம்’ என்பதில் சி-க்குக் கீழே தொங்கும் வாலுக்கும் அதே வேலை: கொ-மா(ன்)-ஸோ(ன்).

படி 4: பிரெஞ்சுக் குற்றியலுகரம்

புள்ளியோ குறியோ இல்லாத வெறும் ஈ, சொல்லின் நடுவில் வரும்போது குறுகிய, சோம்பலான ஓர் உயிர்; இங்கே அதையும் எ என்றே எழுதுகிறேன். ஒலிக்கலாம், ஓடியும் போகலாம். ‘காடு’ என்பதன் கடைசி உகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உயிர் வந்தால் அது மெய்யை விட்டு ஓடும்: காடு + அல்ல = காடல்ல. பிரெஞ்சு ‘ழெ’யும் அப்படித்தான். ழெ + எம் = ழெம், ‘நேசிக்கிறேன்’. தாளில் ஓடிய உயிருக்கு அடையாளமாக மேலே ஒரு காற்புள்ளி போடுவார்கள்.

ஆனால் பிரெஞ்சு உயிர், மெய்க்கு முன்னாலும் ஓடும். ‘வாங்கு’ என்ற வினையில் ‘வாங்குகிறோம்’ எழுத்தில் மூன்று அசை. பேச்சில் அஷ்-தோ(ன்), இரண்டு. ‘நேசிப்பேன்’ எம்-ரே. ‘கொடுப்பேன்’ தொன்-ரே. ‘பேசுவேன்’ மட்டும் பார்-லெ-ரே என்று மூன்று அசை. ஏன் இங்கே ஓடவில்லை? ஓடினால் ர், ல், ர் என்று மூன்று மெய் முட்டிக்கொள்ளும். பிரெஞ்சு மொழியியலாளர் மொரீஸ் கிராமோன் இதை ‘மூன்று மெய் விதி’ என்று வகுத்தார். விதிக்கு ஓட்டைகள் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு இது போதும். முன்னால் ஒரு மெய்தான் என்றால் ஈ-யை விழுங்கலாம், இரண்டு மெய் என்றால் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் பாரிஸ் பேச்சு. மார்சேய், துலூஸ் பக்கம் போனால் ஊமை ஈ-க்குப் பாதி உயிர் வந்துவிடும். ‘பார்ல்’ என்பதைப் பார்-லெ என்று இரண்டு அசையாகவே சொல்வார்கள். செவ்வியல் செய்யுளிலும் அடி நடுவே மெய்க்கு முன்னால் வரும் ஈ ஓரசையாக எண்ணப்படும்.

இந்தச் சோம்பல் உயிரால் எழுத்தும் மாறுகிறது. பிரெஞ்சுக்கு அசை அழுத்தம் கடைசியில். கடைசி அசையில் சோம்பலான உயிர் நிற்க முடியாது. ‘வாங்குகிறேன்’ என்பதில் விகுதி ஊமையாகிவிட, அதற்கு முந்தைய ஈ கடைசி அசையாகிவிடுகிறது. எனவே அது திறந்த எ ஆகிறது: அ-ஷெத். அந்த எ-யைக் காட்டத்தான் இடப்பக்கம் சாய்ந்த குறி. ‘கூப்பிடு’ வினையில் குறிக்குப் பதிலாக எல் இரட்டிக்கும்: அ-பெல். ‘நாங்கள்’ என்று வந்ததும் அழுத்தம் ஓ(ன்) மேல் போய்விடுகிறது. குறியும் போகிறது, இரட்டிப்பும் போகிறது. வாய்பாட்டு அட்டவணையில் ‘நாங்கள், நீங்கள்’ இரண்டும் மட்டும் வேறு குடும்பம்போல நிற்பதற்குக் காரணம் இந்த அசைக் கணக்குதான். காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும்.

‘அதிகம் விரும்பு’ என்ற ப்ரே-ஃபே-ரே வினையின் எதிர்காலத்தில் எழுத்து ஏ ஒலியைக் காட்ட, வாய் எ-யைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1990 எழுத்துத் திருத்தம் எ-க்குரிய குறியையும் ஏற்றுக்கொண்டது. நூல்களில் இரண்டும் தென்படும். எது கண்டாலும் எ என்றே சொல்லுங்கள்.

படி 5: வழுக்கும் இகரம்

‘பேசிக்கொண்டிருந்தோம்’ பார்-ல்யோ(ன்), இரண்டு அசை. ஐ என்ற எழுத்து ய் ஆகி அடுத்த உயிரோடு வழுக்கிவிட்டது. ‘காட்டிக்கொண்டிருந்தோம்’ மோ(ன்)-த்ரி-யோ(ன்), மூன்று அசை. முன்னால் த்ர் என்ற கூட்டு இருப்பதால் இகரத்துக்கு வழுக்க இடமில்லை. முழு உயிராக நின்று, பின்னால் ஒரு யகரத்தையும் ஈன்றுவிடுகிறது. மணி + அடித்தது = மணியடித்தது என்பதில் நமக்கு வரும் அதே யகர உடம்படுமெய்.

உணவகத்தில் மரியாதையாகக் கேட்க உதவும் வடிவம் இந்த வகைதான்: நூ வூ-த்ரி-யோ(ன்), ‘எங்களுக்கு இது வேண்டும்’. அவசரத்தில் ‘வூத்ர்யோன்’ என்று நசுக்காமல் மூன்று அசையையும் கொடுங்கள்.

படி 6: எழுவாயோடு ஒட்டுங்கள்

உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பு என்று பள்ளியில் படித்தோம். கடல் + அலை = கடலலை. பிரெஞ்சு ‘அவன் நேசிக்கிறான்’ என்பதும் அப்படியே: இல் + எம் = இ-லெம். இடையில் மூச்சு விட்டால் அந்நியமாகக் கேட்கும். ‘அவர்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள்’ என்பதிலும் பார்ல் என்பதன் ல் அடுத்த சொல்லுக்குத் தாவும்: இல்-பார்-லா(ன்)-க்லெ.

பன்மை எழுவாயின் ஊமை எஸ், உயிருக்கு முன்னால் உயிர்த்தெழுந்து ஃஸ ஆகும்: ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ இல்-ஃஸெம். வினையில் ஒருமை பன்மை வேறுபாடே இல்லாதபோது, அந்த ஒரு ரீங்காரம்தான் பன்மையைச் சொல்கிறது. தமிழருக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். நம் எழுத்தில் ஸ, ஃஸ என்ற பிரிவே இல்லை. இல்-ஃஸோ(ன்) என்றால் ‘அவர்களிடம் இருக்கிறது’. இல்-ஸோ(ன்) என்றால் ‘அவர்கள் இருக்கிறார்கள்’. கையைக் கழுத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: முதலாவதில் அதிர்வு அறுபடாது, இரண்டாவதில் ஒரு கணம் நிற்கும்.

கேள்வியில் எழுவாய் பின்னால் போகும். ‘அவனிடம் இருக்கிறதா?’ என்பதில் அ, இல் என்று இரண்டு உயிர் மோதுவதால் நடுவே ஒரு த் நுழைகிறது: அ-தில். உடம்படுமெய்க்கு இது பிரெஞ்சு அண்ணன். ‘பேசுகிறானா?’ பார்ல்-தில், ‘பேசுகிறார்களா?’ என்பதும் பார்ல்-தில்தான், அங்கே விகுதியின் டி-யே எழுந்து வருகிறது. ‘எடுத்துக்கொள்கிறானா?’ என்பதில் எழுத்து மெல்லிய த-வைக் காட்டினாலும் ஒலி வல்லின த: ப்ரா(ன்)-தில்.

ஒட்டவே ஒட்டாத ஒரு வினையும் உண்டு: ‘வெறு’. தொடக்கத்தில் உள்ள எச் ஒலிக்காது, ஆனாலும் சுவர்போல நிற்கும். ‘வெறுக்கிறேன்’ ழெ எ, இரண்டு அசை, ழெ ஓடாது. ‘வெறுக்கிறோம்’ நூ அ-இ-ஸோ(ன்), ஃஸ எழாது. அதில் ஐ-க்கு மேல் உள்ள இரட்டைப் புள்ளி, ஏ-ஐ இரண்டையும் சேர்த்து எ என்று வாசிக்காதே, தனித்தனி அசையாக்கு என்கிறது.

விதிக்கு அடங்காத சிலவற்றை அப்படியே விழுங்கிவிடுங்கள். ‘செய்கிறோம்’ ஃபெ-ஃஸோ(ன்), எழுத்தில் ஏ-ஐ இருந்தாலும் ஒலி சோம்பல் உயிர்தான். ‘இருந்தது, கிடைத்தது’ என்பதற்கான ஈ-யு என்ற இரண்டெழுத்துச் சொல்லின் ஒலி, வெறும் யு. ‘நீங்கள்’ என்ற எழுவாய்க்கு நிகழ்காலத்தில் ஏ என்ற ஒலியில் முடியாதவை மூன்றே: வூ-ஃஸெத், வூ ஃபெத், வூ தீத், இருக்கிறீர்கள், செய்கிறீர்கள், சொல்கிறீர்கள்.

வீட்டில் பழக

வினையைக் கடைசி அசையிலிருந்து கட்டுங்கள், முதலிலிருந்து அல்ல. அழுத்தம் கடைசியில் விழுவதால் வால் பிடிபட்டால் தலை தானே வரும். ‘அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்’ என்பதை எடுப்போம். வினை மட்டும் பத்து எழுத்து: ஏ-சி-எச்-ஈ-டி-ஏ-ஐ-ஈ-என்-டி. வாலில் ஏ-ஐ-ஈ-என்-டி, ஒலி எ. அதன் முன்னால் டி: தெ. அதற்கு முன் சோம்பல் ஈ, முன்னால் ஒரே மெய்யொலி ஷ், விழுங்கலாம்: அஷ்-தெ. எழுவாயைச் சேருங்கள், எஸ் எழும்: இல்-ஃஸஷ்-தெ. மேசையில் மூன்று முறை தட்டுங்கள், மூன்றாவதைச் சற்று அழுத்தி. நான்காவது தட்டு விழுந்தால் எங்கோ ஓர் ஊமையைப் பேசவைத்துவிட்டீர்கள்.

அடுத்து இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நூறு முறை சொல்லுங்கள். நான் பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பழகியதுண்டு, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார். இல்-ஃஸ-பெல்: அவர்கள் கூப்பிடுகிறார்கள். இல்-ஸ-பெல்: அவர்கள் பெயர் இன்னது.